வரம்பு வகுப்போருக்கு ஒரு மடல்: பறவைக்கும் தேனீக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் (இக்னிர்ப்) உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செல்போன் டவர், உயரழுத்த மின்பாதை, வைஃபை, ரேடார் என்று எதைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பல நாட்டு அரசுகள் கடைசியில் கைகாட்டுவது, அவற்றின் அலைகளுக்கும் புலங்களுக்கும் பாதுகாப்பு வரம்பு வகுக்கும் உங்களைத்தான். "இக்னிர்ப் வரம்புக்குள் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். மனிதர்களைப் பொறுத்தவரை அந்த வரியோடு சண்டை போட நான் வரவில்லை. ஆனால் பறவைகள் தங்கும் ஏரிக்கரையை ஒட்டி மின்பாதை போகும்போதும் அதே வரி வருகிறது, காட்டோரத்தில் டவர் எழும்போதும் அதே வரி வருகிறது. உங்கள் எண்கள் அங்கே வாழும் உயிர்களுக்காகப் போடப்பட்டவை அல்ல. இதை உங்கள் ஆவணத்தில் நீங்களே வெளிப்படையாக எழுத வேண்டும். அந்த உயிர்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கவும் வேண்டும். நான் கேட்பது இதைத்தான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் மீதிக் கடிதம் சொல்கிறது.

மின்னணுக் கருவிகள் கக்கும் ரேடியோ இரைச்சலை அளப்பது என் தொழில். பறவை பார்ப்பது என் பொழுதுபோக்கு. உங்களை நிறுவனங்களின் கைப்பாவை என்று திட்டும் கடிதங்கள் நிறைய வந்திருக்கும். இது அந்த வகைக் கடிதம் இல்லை.

முதலில், உங்கள் வரம்பு எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரேடியோ அலைகளுக்கான உங்கள் வழிகாட்டியின் அடித்தளம், உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட் என்ற அளவு. அவ்வளவு ஆற்றலை உடல் உறிஞ்சினால் உள்வெப்பம் சுமார் 1 டிகிரி செல்சியஸ் ஏறும். எலிகளையும் குரங்குகளையும் ஒரு வேலைக்குப் பழக்கிவிட்டு, அலைகளை ஏற்றிக்கொண்டே போய், எந்த அளவில் அவை வேலையை விட்டுவிடுகின்றன என்று பார்த்த சோதனைகளும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன. அதைப் பத்தால் வகுத்துத் தொழிலாளர்களுக்கு 0.4 என்றும், ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கு 0.08 என்றும் வைத்தீர்கள். எலியும் குரங்கும் சோதனை மேசையில் மனிதனுக்குப் பதிலாளாக நின்றன. எலிக்கும் குரங்கிற்கும் எது பாதுகாப்பு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அன்றைய வேலை அதுதான். ஆனால் மனித உடலின் அளவு அந்த ஆவணத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலை, உடற்பகுதிக்கான வரம்பை 10 கிராம் திசுவின் சராசரியாகக் கணக்கிடச் சொல்கிறீர்கள். ஒரு கதிர்க்குருவியின் மொத்த எடையே ஏறத்தாழ அவ்வளவுதான். உங்களுக்கு ஓரிடத்துத் திசுத் துண்டாக இருப்பது அதற்கு அலகு முதல் வால் வரை முழு உடல். 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பில் சராசரி எடுக்கச் சொல்கிறீர்கள். தேனீ ஒன்று சிறகை விரித்து உட்கார்ந்தாலும் அந்தச் சதுரம் நிரம்பாது.

அலை உறிஞ்சப்படும் விதமும் அப்படித்தான். உடலின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருக்கும்போது உறிஞ்சல் உச்சத்தைத் தொடும். நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்கு அது 70 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. அதனால்தான் உங்கள் 2020 வழிகாட்டியில் 30 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பொதுமக்களுக்கான அளவு சதுர மீட்டருக்கு 2 வாட் என்று கீழே இறங்குகிறது, 900-இல் 4.5 ஆக ஏறுகிறது, 2,000-க்கு மேல் 10 ஆகிறது. அந்தப் பள்ளம் மனிதனின் உயரத்துக்கு வெட்டிய பள்ளம். 14 சென்டிமீட்டர் பறவைக்கு அதே கணக்கைப் போட்டால் பள்ளம் 850 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. உங்கள் கோடு ஏறிக்கொண்டிருக்கும் இடம் அது. சில நாடுகள் உங்கள் அளவை இன்னும் குறைத்திருக்கின்றன. இந்தியா 2012-இல் டவர்களுக்குப் பத்தில் ஒரு பங்காக்கியது. ஆனால் ஒரு வளைகோட்டைப் பத்தால் வகுத்தால் கோடு கீழே இறங்கும், அவ்வளவுதான். மனித உடலின் வடிவம் அதிலிருந்து போய்விடாது.

சரி, இதை வைத்துக்கொண்டு "டவர் பறவைகளை வேக வைக்கிறது" என்று நான் சொல்லப்போவதில்லை. சிறு பறவையின் உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கிலோவுக்கு 15 வாட்டுக்கும் மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. மனித உடல் உண்டாக்குவது 1 வாட்டை ஒட்டியது. தெருவில் அளக்கும்போது கிடைக்கும் புலங்களோ உங்கள் வரம்பைவிட மிகக் கீழே இருப்பவை. ஆகவே ஆன்டெனாவின் முகத்திலேயே கூடு கட்டினாலொழிய, பறவைக்கு வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. இதை உங்கள் தரப்பு அடிக்கடி சொல்கிறது, சரியாகவே சொல்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறது. வெப்பத்தில் ஆபத்து இல்லை என்றால், வேறு எதில் இருக்கிறது என்பதுதானே அடுத்த கேள்வி?

அந்தக் கேள்விக்கு ஒரு பறவை பதில் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ராபின், 20 கிராம்கூட இல்லாத பறவை, இரவில் வலசை போவது. பூமியின் காந்தப்புலத்தைத் திசைகாட்டியாக அது பயன்படுத்துகிறது என்பதை 1960-களிலேயே ஜெர்மனியில் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ காட்டினார். பின்னாளில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மௌரிட்சனின் குழு இதே பறவைகளை வளாகத்தின் மரக்குடில்களில் வைத்துச் சோதித்தபோது அவற்றால் திசை கண்டுபிடிக்க முடியவில்லை. குடில்களை அலுமினியத் தகடால் மூடி, தகட்டைக் கம்பி வழியே தரையோடு (எர்த்) இணைத்தார்கள். 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையான இரைச்சல் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. பறவைகள் வலசைத் திசைக்கு ஒழுங்காகத் திரும்பின. தரை இணைப்பைக் கழற்றினார்கள், மறுபடி திணறின. இணைப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே செயற்கையாக இரைச்சலை உண்டாக்கினார்கள், அப்போதும் திணறின. நகரத்தைவிட்டு விலகிய இடத்தில் தகடே இல்லாமல் திசை கண்டன. எந்தக் குடிலில் எந்த நிலை என்பது அளப்பவருக்கும் தெரியாத இரட்டை மறைவுச் சோதனை. 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

இரைச்சல் அளக்கும் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன், அந்தத் தரை இணைப்பைக் கழற்றிப் பார்த்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தகடு அப்படியே இருக்கிறது. வெளிச்சம், காற்று, வாசனை எதுவும் மாறவில்லை. ஒரு கம்பி மட்டும் விலகியிருக்கிறது. வேறு எந்தக் காரணத்துக்கும் பெரிதாக இடம் விடாத சோதனை அது.

இப்போது உங்கள் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1.315 மெகாஹெர்ட்ஸில் வெறும் 15 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு; ஆயிரம் நானோ சேர்ந்தால் ஒரு மைக்ரோடெஸ்லா) புலம் ராபினின் திசையறிவைக் கலைத்தது என்று 2009-இல் இன்னொரு குழு பதிவு செய்தது. அதே அதிர்வெண்ணில் பொதுமக்களுக்கான உங்கள் 2020 அளவைக் காந்தப்புலமாக மாற்றினால் 2,000 நானோடெஸ்லாவைத் தாண்டுகிறது. நூறு மடங்குக்கும் மேல் இடைவெளி. பத்தால் வகுத்த நாடுகள்கூட இந்த இடைவெளியைக் கடக்கவில்லை. பறவைக்கு இதில் சூடு ஏறவில்லை, நோய் வரவில்லை, செத்து விழவில்லை. வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய உயிருக்கு வழி தெரியாமல் போவதை உடல்நலக் குறைவு என்ற தலைப்பில் சேர்க்க முடியாதென்றால், தலைப்பைத்தான் திருத்த வேண்டும். ராபினுக்குச் சூரியனும் விண்மீன்களும் வழிகாட்டும் என்பது உண்மைதான். மேகம் மூடிய இரவில் அவை இரண்டும் இருக்காது.

எப்படி இது நடக்கிறது என்பதற்கும் வலுவான ஒரு விளக்கம் இருக்கிறது. பறவையின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் ஒளி பட்டதும் ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் உருவாகின்றன. அவற்றின் சுழற்சி நிலை காந்தப்புலத்தின் திசைக்கு ஏற்ப மாறுகிறது என்கிறது அந்தக் கருத்து. 2021-இல் ராபினின் கிரிப்டோகுரோம்-4 புரதத்தைத் தனியே பிரித்துச் சோதித்தபோது அது காந்தப்புலத்துக்கு அசைந்து கொடுத்தது. இந்தக் கருத்து உண்மையானால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே போனதும் பாதிப்பு நின்றுவிட வேண்டும். பிளாக்கேப் என்ற கதிர்க்குருவியை வைத்து அதையும் பார்த்தார்கள். 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் இரைச்சல் அதன் திசையறிவைக் குலைத்தது. 140 முதல் 150, 235 முதல் 245 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைகள் குலைக்கவில்லை.

இந்தக் கடைசி முடிவை ஒருமுறைக்கு இருமுறை படிக்கச் சொல்வேன். உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களை எதிர்த்துக் கொடி பிடிப்பவர்களுக்கும் சேர்த்தே. செல்போன் சேவைகள் பெரும்பாலும் 600 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் இயங்குகின்றன. அதாவது இன்று கையில் உள்ள மிக உறுதியான சான்று செல்போன் டவரை நோக்கிக் கை நீட்டவில்லை. ஏஎம் வானொலியையும், நம் வீட்டு அடாப்டர், எல்இடி விளக்கின் டிரைவர், சோலார் இன்வெர்ட்டர், கணினியின் மின்வழங்கி போன்றவை கசியவிடும் இரைச்சலையும் நோக்கித்தான் நீட்டுகிறது. ஊர்வலம் போவதற்கு வசதியான எதிரி இல்லை இது. ஆனால் சரிசெய்ய வசதியான எதிரி. ஒரு வடிகட்டி, நல்ல தரை இணைப்பு, கொஞ்சம் கூடுதல் கவசம் போதும். என் தொழிலில் தினமும் செய்கிற வேலைதான்.

எதிர்ப்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களின் தவறான கதைகளே உங்களுக்கு வசதியான சாக்காகிவிடுகின்றன. 2018 அக்டோபர், நவம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரப் பூங்கா ஒன்றில் நூற்றுக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகள் செத்து விழுந்தன. 5ஜி சோதனைதான் காரணம் என்று செய்தி உலகம் சுற்றியது. அந்த ஊரில் 5ஜி சோதனை நடந்ததோ அதே ஆண்டு ஜூனில். சிட்டுக்குருவி விஷயமும் பாதி இப்படித்தான். பெல்ஜியத்தில் 150 இடங்களில் எண்ணியபோது, புலம் வலுவாக இருந்த இடங்களில் ஆண் சிட்டுக்குருவிகள் குறைவாக இருந்தன என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. கவனிக்க வேண்டிய ஆய்வுதான், ஆனால் ஒரு தொடர்பைக் காட்டியதே தவிர காரணத்தை நிறுவவில்லை. டவர் நெருக்கமாக உள்ள இடத்தில் கட்டிடமும் நெருக்கம், பூச்சியும் குறைவு. இங்கிலாந்தின் லெஸ்டரில் கூடு கூடாகப் பார்த்த ஆய்வு, குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமல் போவதைத்தான் கண்டது. டவர்கள் பறவைகளைக் கொல்கின்றன என்பது உண்மை, ஆனால் அலையால் அல்ல. மேகமூட்டமான இரவுகளில் உச்சியில் அணையாமல் எரியும் சிவப்பு விளக்கு வலசைப் பறவைகளை இழுக்கிறது. அவை டவரைத் தாங்கும் இழுவைக் கம்பிகளில் மோதிச் சாகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 68 லட்சம் பறவைகள் என்று 2012-இல் ஒரு மதிப்பீடு சொன்னது. விளக்கை விட்டுவிட்டு எரியும்படி மாற்றினாலே சாவு வெகுவாகக் குறைகிறது. ஊர்வலம் போகிறவர்கள் அதற்கும் ஒரு பதாகை பிடிக்கலாம்.

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன். தவறான கதைகள் நிறைய உலவுகின்றன என்பதற்காக எல்லாமே கதை என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்தில் ரேடார் நிலையங்களைச் சுற்றி வௌவால்களை எண்ணினார்கள். மின்புலம் மீட்டருக்கு 2 வோல்ட்டைத் தாண்டிய இடங்களில் வௌவால் நடமாட்டம் தெளிவாகக் குறைந்திருந்தது. பிறகு சிறிய ரேடார் ஒன்றையே எடுத்துப் போய் இரை தேடும் இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், அங்கும் குறைந்தது; பூச்சிகளின் எண்ணிக்கையோ மாறவில்லை. 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் உங்கள் 1998 வழிகாட்டி பொதுமக்களுக்கு வைத்த அளவு மீட்டருக்கு 61 வோல்ட். வௌவால் ஏன் விலகுகிறது என்பதற்கு உறுதியான விளக்கம் வரும்வரை காத்திருக்கலாம் என்பீர்கள். விலகுகிறது என்பதைப் பதிவு செய்யவுமா காத்திருக்க வேண்டும்?

தேனீக்களின் கணக்கு இன்னும் நேரடியானது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மின்பாதையின் கீழே தரைமட்டத்தில் கிடைக்கும் 20 முதல் 100 மைக்ரோடெஸ்லாவிலிருந்து, கம்பிக்கு மிக அருகே கிடைக்கும் ஆயிரக்கணக்கான மைக்ரோடெஸ்லா வரை 50 ஹெர்ட்ஸ் புலத்தில் தேனீக்களை வைத்தார்கள். வாசனையைக் கற்கும் திறன், பறக்கும் விதம், உணவைத் தேடி அடைவது எல்லாமே பாதிக்கப்பட்டன என்றது ஆய்வு. 2010-இல் நீங்கள் பொதுமக்களுக்கான 50 ஹெர்ட்ஸ் அளவை 100 மைக்ரோடெஸ்லாவிலிருந்து 200 ஆக உயர்த்தினீர்கள். மனித நரம்புகளை வைத்துப் பார்த்தால் அதற்குக் காரணம் இருந்தது. மின்பாதைக்குக் கீழே பூக்கும் செடிகளை வளர்த்துத் தேனீக்களை வரவேற்கலாம் என்று பரிந்துரைப்பவர்கள் அந்த எண்ணை எடுத்துக் காட்டும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த 200 யாருடைய நரம்புக்கு?

கடலடியிலும் இதே கதை. சுறாவும் திருக்கையும் சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் அளவிலான மின்புலத்தை உணரக்கூடியவை. அமெரிக்காவின் லாங் ஐலண்ட் நீர்ப்பரப்பில் உள்ள நேர்மின்னோட்ட (டிசி) கேபிளின் மேல் கூண்டு அமைத்துப் பார்த்தபோது, திருக்கைகள் வழக்கத்தைவிட அதிக தூரம் அலைந்தன, அடிக்கடி பெரிதாகத் திரும்பின. கேபிள் அவற்றுக்குச் சுவராக நிற்கவில்லை. ஆனால் இரை இல்லாத இடத்தில் இரை தேடித் திரிவதும் உடலுக்கு ஒரு செலவுதான்.

ரெயின்டீர் மான்களின் விஷயம் எனக்கு வேறு விதத்தில் பாடமானது. மின்பாதைகளிலிருந்து அவை கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போவதன் காரணம் பல காலம் புரியாமல் இருந்தது. காந்தப்புலம் என்றுகூட ஊகித்தார்கள். 2014-இல் வந்த விளக்கம் வேறு: அந்த மான்களின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும். உயரழுத்தக் கம்பிகளில் நிகழும் சிறு மின்கசிவுகள் புற ஊதாவில் மின்னுகின்றன. நமக்கு இருட்டாக இருக்கும் பாதை, அவற்றுக்கு வெட்டிவெட்டி மின்னும் வரிசை. இது உங்கள் காந்தப்புல வரம்புக்குள் வரும் விஷயமே இல்லை. ஆனால் ஒரு விலங்குக்கு எது தொந்தரவு என்பதை நம் உடலை வைத்து ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்ன?

எல்லாச் சான்றும் இவ்வளவு சுத்தமாக இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பசுக்கள் வடக்கு-தெற்காக நிற்கின்றன என்று 2008-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, மின்பாதையின் கீழே அந்த ஒழுங்கு குலைகிறது என்றார்கள். 2011-இல் வேறொரு குழு படங்களை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படி ஒழுங்கே தெரியவில்லை என்றது. வாதம் இழுத்துக்கொண்டே போனது. கோழி முட்டையின் கதையும் இப்படித்தான். பலவீனமான துடிப்புக் காந்தப்புலம் கருவைக் கெடுக்கிறதா என்று பார்க்க, ஒரே மாதிரிக் கருவிகளை வைத்து ஆறு ஆய்வகங்கள் ஒரே சோதனையைச் செய்தன. 1990-இல் முடிவு வந்தது. இரண்டு ஆய்வகங்களில் குறைபாடுகள் கணிசமாகக் கூடியிருந்தன, மற்ற நான்கில் அப்படி இல்லை. கனடாவில் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகளை மின்பாதைக்கு ஒப்பான புலத்தில் வளர்த்தபோது, முட்டைகள் பெரிதாயின, ஆனால் ஓடு மெலிந்தது. கருத்தரிப்பு ஒரு பருவத்தில் கூடியது, முட்டை பொரிவது குறைந்தது. நன்மையா தீமையா என்று ஒரு சொல்லில் சொல்லவே முடியாது.

இந்த முரண்களைக் காட்டி "சான்று போதவில்லை" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது எளிது. எனக்கு இதிலிருந்து தோன்றுவது வேறு. முட்டை ஓட்டின் தடிமன், திசை பிடிக்கும் துல்லியம், கூட்டுக்குத் திரும்பும் நேரம் என்று அந்தந்த உயிருக்கு எது முக்கியமோ அதை அளக்க வேண்டும். கட்டி வந்ததா, சூடு ஏறியதா என்ற நம் இரண்டு கவலைகளை மட்டும் எலியின் மேல் ஏற்றிப் பார்த்தால் விடை எப்போதும் குழம்பித்தான் வரும். அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் பெரிய எலிச் சோதனையை நீங்களே விமர்சித்தீர்கள். ஒரு நாளுக்கு 9 மணி நேரம், கிலோவுக்கு 6 வாட் வரை அலை வாங்கிய ஆண் எலிகளில் இதயக் கட்டிகள் கூடின, ஆனால் அவையே அலை வாங்காத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. மனிதனுக்கு இது எதைச் சொல்கிறது என்று எல்லோரும் மல்லுக்கட்டினார்கள்.

முன்மாதிரி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. அணுக்கதிருக்கான பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமும் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தது. மனிதனைக் காக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு இருந்தால் மற்ற உயிரினங்களும் ஆபத்தில் இருக்காது என்று 1990-இல்கூட எழுதியது. 2007-இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, 2008-இல் 12 மாதிரி உயிர்களின் பட்டியலை வெளியிட்டது. மான், எலி, வாத்து, தவளை, டிரவுட் மீன், தட்டைமீன், தேனீ, நண்டு, மண்புழு, பைன் மரம், காட்டுப்புல், கடற்பாசி. ஒவ்வொன்றுக்கும் உடல் அளவு, கதிர் உள்வாங்கும் விதம், எந்த அளவில் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் கணக்கிடப்பட்டன. அந்தப் பட்டியல் குறையில்லாதது என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு "மனிதனைக் காத்தாயிற்று, போதும்" என்று அந்தத் துறையில் யாரும் கூச்சமில்லாமல் சொல்ல முடியவில்லை. 1992-இல் நீங்கள் தொடங்கியபோது வைத்துக்கொண்ட நோக்கத்திலும் மக்களோடு சுற்றுச்சூழலும் இருக்கிறது. உங்கள் வாசலில் மாட்டிய பலகையைத்தான் நினைவூட்டுகிறேன்.

ஆகவே கேட்பதைத் தெளிவாகவே கேட்டுவிடுகிறேன். அடுத்த வழிகாட்டியின் முதல் பக்கத்தில், இந்த எண்கள் மனிதருக்கானவை, மற்ற உயிர்களின் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டப்படக் கூடாது என்று ஒரு வாக்கியம் வேண்டும். செலவே இல்லாத வேலை இது. ஆனால் எத்தனையோ சுற்றுச்சூழல் அறிக்கைகளின் அந்த ஒற்றை வரியை அது செல்லாததாக்கிவிடும். அப்புறம் உங்களுக்கென்று ஒரு மாதிரி உயிர்ப் பட்டியல். இரவில் வலசை போகும் ஒரு சிறு பறவை, தேனீ, வௌவால், திருக்கை, மேயும் கால்நடை என்று ஐந்தோடு ஆரம்பித்தாலும் போதும். ஐந்துக்குமே மேலே சொன்ன ஆய்வுகள் ஏதாவது ஒரு தொடக்கப் புள்ளியைத் தருகின்றன. அதில் பறவைக்கு 50 கிலோஹெர்ட்ஸ் முதல் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் வரையான அகலப்பட்டை இரைச்சலை மைக்ரோடெஸ்லாவில் பேசாமல் நானோடெஸ்லாவில் பேசுங்கள்.

இன்னொன்று, என் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ளது. கருவிகளின் இரைச்சலுக்குத் தரநிலை வகுப்பது நீங்கள் அல்ல, சிஸ்பர் என்ற குழு. 1934-இல் வானொலி கேட்பவர்களுக்குக் கரகரப்பு வராமல் இருப்பதற்காகத் தொடங்கப்பட்டது. இன்றும் பெரும்பாலான வீட்டு மின்னணுக் கருவிகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போது, காற்றில் பரவும் இரைச்சலை 30 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்கத் தொடங்குகிறோம். அதற்குக் கீழே மின்கம்பி வழியாகப் போவதை அளப்பதோடு சரி. ராபினுக்குத் தொல்லை தரும் பட்டையின் பெரும்பகுதி அந்த அளக்காத இடத்தில் இருக்கிறது. வானொலிக்காக வகுத்த விதி பறவைக்கும் பாதி பயன்படுகிறது, மீதிப் பாதிக்கு ஆள் இல்லை. அவர்களோடு உட்கார்ந்து பேச உங்களைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு எனக்குத் தெரியவில்லை. வலசைப் பாதைகளை ஒட்டிய இடங்களில் மட்டுமாவது 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே புலத்தை அளந்து பதிவு செய்யும் ஏற்பாடு வந்தால், ஓல்டன்பர்க் குடில்களில் பார்த்ததைத் திறந்த வெளியிலும் சரிபார்க்க முடியும். சோதனைகளை யார் செய்தாலும் இரட்டை மறைவோடு, தரை இணைப்பைப் போட்டும் கழற்றியும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் நீங்களே வையுங்கள். அதில் பாதிப்பு இல்லை என்று வந்தால் அதை ஊரெல்லாம் சொல்ல முதல் ஆளாக நான் நிற்பேன்.

குறைந்த அதிர்வெண்களுக்கான உங்கள் வழிகாட்டி 2010-ஐச் சேர்ந்தது. 2020 ஆவணத்தின் வரைவைப் பொதுக் கருத்துக்கு வைத்ததுபோல இதன் புதிய வரைவையும் வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அது வந்ததும் நான் முதலில் தேடப்போவது அந்த முதல் பக்கத்து வாக்கியத்தை. இல்லையென்றால் இதே கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உங்கள் கருத்துப் படிவத்தில் நிரப்பி அனுப்புவேன். மற்ற வாசகர்களும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
ரேடியோ இரைச்சல் அளக்கும் ஒரு பறவை ஆர்வலன்